மண் படத்தில் ஓடிய குண்டாறு

1. ஓடாத ஆற்றுக்கு மார்க்கு இல்லை

திருச்சுழியில் நடந்த ஆசிரியர்களின் மாதக் கூட்டத்தில், டிப்டி இன்ஸ்பெக்டர் என் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி என்னை எழுந்து நிற்கச் சொன்னார். சுதந்திரம் வந்த மறு வருஷம், புரட்டாசிக் கடைசி. எழுந்து நின்றேன்.

"உப்போடைன்னு ஒரு ஊரா ஓய்? அட்டெண்டன்ஸைப் பார்த்தா அங்கே பிள்ளைங்க படிக்கிறாங்களா, ஆடு படிக்குதான்னு தெரியலையே."

கூட்டம் சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஐப்பசியில விசிட் வர்றேன். ஹாஜரும் பாடமும் சரியா இருக்கணும். இல்லேன்னா ஸ்கூலைத் தூக்கிப் பரளச்சி ஸ்கூலோட சேர்த்துடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீர்."

பரளச்சிக்குப் பையன்கள் நடந்து போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். உப்போடையில் அரிச்சுவடி பிடித்த முதல் பெண் பிள்ளைகள் அவர்கள்தான். பள்ளிக்கூடத்தை எடுத்துவிட்டால் அவர்கள் ஆடு மேய்க்கப் போவார்கள். எனக்கும் வேலை நிச்சயமில்லை.

அந்த வருஷத்து விசிட்டுக்கு எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடம்தான்: 'நம் சீமை'. சரித்திரம், பூகோளம், சின்னங்கள் என்று மூன்று பகுதி. சரித்திரத்தில் சேதுச் சீமையும் சமஸ்தானமும். சின்னங்களில் சமஸ்தானத்து அனுமக்கொடியும் புதிதாக வந்த மூவர்ணக் கொடியும். பூகோளத்துக்கு மட்டும் வாயால் சொன்னால் போதாது. பள்ளி முற்றத்தில் ஜில்லாவை மண்ணால் செய்து வைக்க வேண்டும். மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவில் ஆறு. இதற்கு எங்களுக்குள் 'மண் படம்' என்று பேர்.

"வெறுமனே கோடு கிழிச்சு வச்சு ஏமாத்தாதீங்கோ. மேக்கே தண்ணி ஊத்தினா ஆறு ஓடிக் கடல்ல விழணும். ஓடாத ஆத்துக்கு மார்க்கு இல்லை" என்றார் இன்ஸ்பெக்டர்.

பிறகு பாடப் புத்தகத்தை விரித்து ஒரு வரியைச் சத்தமாக வாசித்தார். "இந்த ஜில்லாவில் சொல்லும்படியான ஆறு எதுவும் இல்லை." வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். "நான் காவேரிக் கரையில பொறந்தவன். இங்கே பாலத்து மேல வண்டி போறப்போ எட்டிப் பார்த்தேன். கீழே ஆடு மேயறது. கேட்டா, அதுதான் ஆறாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று காலையில்தான் குண்டாற்றில் மணலைக் கிண்டிக் கால் கழுவி, கரையிலிருக்கிற பூமிநாதர் சந்நிதியில் விபூதி வாங்கிப் பூசியிருந்தேன். நெற்றியில் அது இருக்க, வாய் சிரித்தது.

2. நான் சொல்லாத ஊர்ப் பெயர்

இதைப் படிக்கிற இளைய ஆசிரியர்களுக்கு நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை, நெசவுத் தெரு. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். தறியில் எனக்குக் கை ஓடவில்லை. எட்டாம் வகுப்புத் தேறி, டிரெயினிங் முடித்து, லோயர் கிரேடு வாத்தியார் ஆனேன். முதல் வேலையே உப்போடை.

பரளச்சிக்குக் கிழக்கே, பஸ் ரோட்டை விட்டு இறங்கிக் கரிசல் காட்டுக்குள் நடக்க வேண்டும். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பெய்யாவிட்டால் வெடிப்புக்குள் கால் சிக்காமல் பார்த்து நடக்க வேண்டும். ஊர்க் கிணறு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. தண்ணீரும் இருந்தது. வாயில் வைக்க முடியாத உப்பு. குளிக்கலாம், மாட்டைக் கழுவலாம், அவ்வளவுதான்.

குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் விடியுமுன் புறப்பட்டுக் குண்டாற்றுக்குப் போவார்கள். மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறி வருகிறதைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றி, தலையில் ஒன்று இடுப்பில் ஒன்றாக வெயில் ஏறித் திரும்புவார்கள். மழை இல்லாத வருஷங்களில் ஊற்று ஆழத்துக்குப் போய்விடும். அப்போதெல்லாம் ஒரு வீட்டுக்கு ஒரு குடம் வந்தால் அதிகம்.

என் மனைவி சவுடம்மாவும் அவர்களோடு போனாள். டவுனில் வாசல் குழாயடியில் பிடித்துப் பழகியவள். முதல் நாள் அழுதுகொண்டே வந்தாள். மாரியம்மாள் என்று ஒரு பெண்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஊற்றுக் கிண்டக் கற்றுக்கொடுத்தது. மாரியம்மாளின் மகள் செல்லி என்னிடம் மூன்றாம் வகுப்பில் படித்தாள். மாரியம்மாளுக்கு வாய் நீளம். அந்த வாய்க்கு ஊர்த் தலைவரான அம்பலகாரரே ஒதுங்கிப் போவார்.

அருப்புக்கோட்டையில் சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் கேட்பார்கள்: "மாப்ளே, எந்த ஊர்ல வாத்தியார் வேலை?" நான், "பரளச்சிப் பக்கம்" என்பேன். உப்போடை என்று சொன்னதே இல்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று தெரியும்.

3. எல்லாரும் கொண்டுவந்த மண்

மண் படம் செய்யும்போது மட்டும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிள்ளைகள் ஆளுக்கொரு மண் கொண்டுவந்தார்கள். அருப்புக்கோட்டை, பரளச்சிக்குக் கரிசல். நரிக்குடிக்கு நெல் வயல் வண்டல், கண்மாய்க் கரையிலிருந்து. கடற்கரைக்கு ஆற்று மணல். மேற்கு மலைக்கு, கரையானே கட்டிக்கொடுத்த புற்று மண். புற்றை உடைக்கக் கூடாது என்று பிள்ளைகள் தயங்கினார்கள். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, பாம்பில்லாத பாழ் புற்றாகப் பார்த்து எடுத்தோம். ராமேஸ்வரத்துக்கு ஒரு கூழாங்கல் வைத்தபோது, யாரும் சொல்லாமலே எல்லாப் பிள்ளைகளும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வைகைக்கு ஒரு வாய்க்கால் கிழித்தோம். குண்டாற்றுக்கு ஒன்று. காரியாபட்டி, திருச்சுழி என்று அட்டையில் எழுதிக் குச்சியில் குத்தினோம். ஜில்லாப் படத்தில் உப்போடை கிடையாது. செல்லி கேட்டாள்: "சார், நம்ம ஊரு?"

"இவ்வளவு பெரிய படத்துல நம்ம ஊரு தெரியாது பாப்பா."

"நம்ம கம்மாய் பெருசுதானே சார்?"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, திருச்சுழிக்குக் கீழே ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவுக்குக் குழி தோண்டி, கரை கட்டி, ஆற்றிலிருந்து தண்ணீர் வர ஒரு வரத்துக்காலும் இழுத்துவிட்டேன். ஜில்லாப் படத்துக்கு அது அளவில்லாத அளவு. போகட்டும் என்று விட்டேன். பிள்ளைகள் அந்தக் குழியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு மலையைப் பார்க்கவில்லை, கடலைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் வந்த மாரியம்மாள் முற்றத்தில் நின்றாள்.

"இது என்ன வாத்தியாரே, நடு முத்தத்துல சமாதி மாதிரி?"

"ஜில்லா. நம்ம சீமை. இது மலை, இது கடல். இந்தா, இது உங்க கம்மாய்."

அவள் குனிந்து பார்த்தாள். சிரிப்புப் போய்விட்டது. "கம்மாயைச் செஞ்சு காலியாவா போட்டிருக்கீக?"

"நிஜக் கம்மாயும் காலியாத்தானே கெடக்கு?"

"அது வானம் செஞ்சது. இது நீங்க செஞ்சது." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "புதுப் பானை வாங்குனாக்கூட ஒரு கை தண்ணி ஊத்தாம அடுக்க மாட்டோம். ஐப்பசி பொறந்தும் ஒரு சொட்டு விழுகல. கம்மாயை வாயப் பொளந்து வச்சுருக்கீக. ஏதாச்சும் ஊத்திருங்க."

4. உப்புப் பூத்த கண்மாய்

வீட்டில் இதைச் சொன்னேன். சவுடம்மா தெலுங்கில் திருப்பிக் கேட்டாள்: "எதை ஊற்றுவீர்கள்? குடிக்கிற தண்ணீரையா?" மூடிக் கிடந்த எங்கள் குடத்தைப் பார்த்தேன். பாதிதான் இருந்தது.

ஆனால் தண்ணீருக்கா பஞ்சம்? பள்ளிக்குப் பக்கத்திலேயே கிணறு இருக்கிறது. மறுநாள் பள்ளி விட்ட பிறகு உப்புத் தண்ணீரை நானே இறைத்து, மேற்கு மலையிலிருந்து ஊற்றிப் பார்த்தேன். குண்டாறு அழகாக ஓடிற்று. வரத்துக்கால் வழியே கண்மாய் நிறைந்தது. இன்ஸ்பெக்டருக்கும் மார்க்குப் போட இடம் கொடுத்தாயிற்று, மாரியம்மாளுக்கும் பதில் சொல்லியாயிற்று என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.

மண் தண்ணீரைக் குடித்துவிட்டது. காலையில் வெயில் வந்தபோது குண்டாறு முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. கண்மாய்க் குழி சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. கரையெல்லாம் உப்பு.

முதலில் பார்த்தது பிள்ளைகள். அவர்கள் வீட்டுக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் அம்பலகாரரும் ஐந்தாறு ஆண்களும் வந்துவிட்டார்கள். அம்பலகாரர் கோபப்பட்டுப் பேசியிருந்தால் எனக்குத் தேவலை. அவர் மெதுவாகப் பேசினார்.

"வாத்தியாரய்யா, நீங்க படிச்சவுக. இந்த ஊரு அழிஞ்சு ரெண்டு தடவ எந்திரிச்ச ஊரு. ரெண்டு தடவையும் உப்பு ஏறித்தான் அழிஞ்சது. கம்மாயில உப்புத் தண்ணி விட்டவன் வம்சம் தழைக்காதும்பாக. நீங்க தெரியாமச் செஞ்சுட்டீக. பிள்ளையள இந்தப் பக்கம் விட எங்களுக்கு மனசு வரல."

"மண்ணுல செஞ்சதுதானே அம்பலம்? வெளையாட்டு மாதிரி..."

"மண்ணுல செய்யுறதெல்லாம் வெளையாட்டா? பிள்ளையாரையும் மண்ணுலதான செய்றோம்."

நான் தினமும் காலையில் மண் பிள்ளையாரைக் கும்பிட்டுப் பள்ளி திறக்கிறவன்.

உப்புப் பூத்த மண்ணை முழுக்கச் சுரண்டி எடுத்து, ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினேன். புது மண் போட்டு ஆற்றையும் கண்மாயையும் திரும்பச் செய்தேன். இந்தத் தடவை உதவிக்குப் பிள்ளைகள் இல்லை. அம்பலகாரர் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்: "கம்மாய் நல்ல தண்ணிய ஒரு தடவ பாக்கட்டும். பிள்ளையள் தன்னால வரும்."

நல்ல தண்ணீர் என்றால் ஆற்று ஊற்றுத் தண்ணீர். ஆறு ஓடிக் கண்மாய் நிறைய வேண்டுமானால் ஒரு குடம் வேண்டும். ஒரு வீட்டின் ஒரு நாள். எந்த வீட்டு வாசலில் போய் நின்று, "உங்கள் குடத்தை மண்ணில் ஊற்ற வேண்டும்" என்று கேட்பது? என் வீட்டிலேயே கேட்க வாய் வரவில்லை. பூமிநாதா, துணைமாலைத் தாயே, மழை கொடு என்று மட்டும் கேட்டேன். அது கேட்பதற்குச் சுலபமாக இருந்தது.

5. விசிட்

விசிட் அன்று காலையில் வகுப்பில் நாலைந்து பேர்தான். அவர்களும் மாட்டுவண்டி வருகிறதைப் பார்க்க வந்தவர்கள். மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கு எதிரே உடைமரத்து நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலை வாரி, பொட்டு வைத்து, பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு. பள்ளிக்கு வர ஆசை, எல்லை தாண்ட உத்தரவில்லை.

இன்ஸ்பெக்டர் வண்டியை விட்டு இறங்கினார். வெயிலில் வந்ததில் முகம் சிவந்து கிடந்தது.

"என்ன ஓய், பிள்ளைங்களை வெளியில காயப் போட்டிருக்கீரா?"

"இல்லீங்கய்யா... வருவாங்க."

அவர் மண் படத்தைச் சுற்றி வந்தார். மலையைத் தட்டிப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்கு. எங்கே, ஆத்தை ஓட விடும்."

"தண்ணி... இல்லீங்கய்யா."

"அது என்ன?" கிணற்றைக் காட்டினார்.

சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கலாம். உப்பு, ஊரார் நம்பிக்கை, மரத்தடியில் பிள்ளைகள் காத்திருக்கிற காரணம், எல்லாவற்றையும். ஆனால் மாதக் கூட்டத்தில் எழுந்த சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது. இந்த ஊரைப் பற்றி இன்னொரு கதை என் வாயால் அந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டுமா? "அது... உபயோகமில்லாத தண்ணிங்கய்யா" என்றேன்.

"மண்ணுல ஊத்துறதுக்கு என்ன ஓய் உபயோகம்?" அவர் வண்டிக்காரரைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, ரெண்டு வாளி இறை."

வண்டிக்காரர் வெளியூர். அவருக்கு என்ன தெரியும்? வாளியை உள்ளே விட்டார். உருளை கிறீச்சிட்டது. உடைமரத்தடியில் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் நகரவில்லை. நகர்ந்து வாளியைப் பிடித்திருக்க வேண்டிய கை, வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் ஆற்றுப் பாதையில் பெண்கள் குடங்களோடு வந்துகொண்டிருந்தார்கள். சவுடம்மாவும் அவர்களில் இருந்தாள். உருளைச் சத்தம் கேட்டது, கிணற்றடியில் ஆள் நின்றது, எல்லாம் மாரியம்மாளுக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது.

"ஏய்யா, வாளிய வையி! வையிங்கிறேன்ல!"

இடுப்புக் குடத்தோடு ஓடி வந்தாள். அவளிடம் அன்று அந்த ஒரு குடம்தான். வந்தவள் என்னையும் பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டரையும் பார்க்கவில்லை. மேற்கு மலைக்குப் பின்னால் மண்டியிட்டாள். கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். குடத்தைச் சாய்த்தாள்.

தண்ணீர் மலையைச் சுற்றி இறங்கியது. முதல் தண்ணீரை மண் குடித்தது. அவள் நிறுத்தாமல் சாய்த்தாள். காரியாபட்டி அட்டையைத் தாண்டியது. திருச்சுழியில் கொஞ்சம் தேங்கி, வரத்துக்காலில் திரும்பியது. கண்மாய்க் குழிக்குள் வழுக்கிக்கொண்டு விழுந்தது. பின்னால் நின்ற பெண்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளாமலே குலவை போட்டார்கள். ஆற்றில் முதல் வெள்ளம் வரும்போது போடுகிற குலவை.

"தண்ணி வந்துருச்சு! கம்மாய்க்குத் தண்ணி வந்துருச்சு!" பிள்ளைகள் உடைமரத்தடியிலிருந்து ஓடி வந்தார்கள். பாதிப் பேர் விவரம் தெரிந்து ஆறு ஓடிப் பார்த்ததில்லை. கண்மாய் நிறைந்து மறுகால் போய், மிச்சம் ஆற்றில் இறங்கிக் கடல் மணலைத் தொட்டபோது குடம் காலி.

மாரியம்மாள் குடத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் உதறிவிட்டு எழுந்தாள். "இப்ப பாடம் நடத்துங்க சாமி" என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். பிறகு மற்றப் பெண்கள் வீட்டுப் பக்கம் திரும்ப, அவள் மட்டும் வந்த வழியே ஆற்றுக்குத் திரும்பினாள்.

பாடம் நன்றாகவே நடந்தது. ஹாஜர் முழுசு. சரித்திரத்தைப் பிள்ளைகள் ராகம் போட்டுச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் செல்லியை எழுப்பி, "நம் சீமையின் சின்னம் என்ன?" என்று கேட்டார். அனுமக்கொடி, மூவர்ணக் கொடி எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பிள்ளையின் கண் வாசலில் இருந்தது, அம்மா போன பக்கம். "உடைமரம் சார்" என்றாள்.

"முள்ளா?" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் யாரும் கூடச் சிரிக்கவில்லை. இந்தத் தடவை நானும் சிரிக்கவில்லை.

பிறகு அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சவுடம்மா தன் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு கொண்டுவந்தாள். பாதி குடித்தார். மீதியைப் பேச்சுவாக்கில் முற்றத்தில் வீசி ஊற்றிவிட்டுச் செம்பை நீட்டினார். காவேரிக் கரையில் அப்படித்தான் செய்வார்களாக இருக்கும். அத்தனை பிள்ளைகளும் அந்த ஈரத்தைப் பார்த்தார்கள். அவர் பிள்ளைகளைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஓடிற்று. கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

வண்டியில் ஏறும்போது, "அந்த அம்மா எங்கே போனாங்க?" என்றார்.

"தண்ணிக்குங்கய்யா."

"இப்பத்தானே கொண்டுவந்தாங்க?"

நான் மண் படத்தைக் காட்டினேன். அவர் பள்ளியை எடுக்கவில்லை. என் வேலையைப் பற்றி நல்லபடியாகவே எழுதிக்கொடுத்தார். 'பூகோளம்: மிகத் திருப்தி' என்று இருந்தது. வாசிக்க வாசிக்க முகம் சுட்டது.

6. ஊற்று தெளியும் வரை

இன்ஸ்பெக்டரின் வண்டி போனதுமே பள்ளியை விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு குடத்தை எடுத்தேன். "எங்கே?" என்றாள் சவுடம்மா. "ஆற்றுக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சும்மாடு சுற்றித் தலையில் வைத்து விட்டாள். அந்த ஊரில் ஆம்பிளை குடம் எடுக்கிறது இல்லை. கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்தவர்கள், "ஏலே, வாத்தியாரு குடத்தோட போறாருடா" என்று கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டார்கள். வாத்தியார் வேலைக்கு வந்து அத்தனை நாளில், அந்தப் பாதை எவ்வளவு நீளம் என்று அன்றுதான் என் காலுக்குத் தெரிந்தது.

ஆற்றில் இரண்டாம் நடைக்கு வந்த பெண்கள் நாலைந்து பேர் ஊற்றடியில் இருந்தார்கள். மாரியம்மாள் குழிக்குள் இறங்கி நின்று மொண்டுகொண்டிருந்தாள். குடம் கால் வாசிகூட ஆகவில்லை.

"மாரியம்மா, தள்ளு. நான் மொண்டு தாரேன்."

"வேணாம் வாத்தியாரே. உங்களுக்கு வராது."

"வரும்."

குழிக்குள் இறங்கினேன். அவசரத்தில் கரை மணல் என் காலோடு சரிந்து ஊற்றில் விழுந்தது. எடுக்கப் போய்ச் சிரட்டையால் ஒரு கிண்டு கிண்டினேன். கண்ணாடியாக இருந்த தண்ணீர் கூழாகிவிட்டது.

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"காலையில மண்ணுல ஊத்த வச்சாரு. இப்ப தண்ணியில மண்ண ஊத்துறாரு!"

"வாத்தியாரே, இதுக்கு எம்புட்டு மார்க்கு?"

உதவி செய்ய வந்து அவளை இன்னும் காக்க வைத்துவிட்டேன். கலங்கின ஊற்று தெளியாமல் மொள்ள முடியாது. குழியை விட்டு ஏறி, மணலில் உட்கார்ந்தேன். "மன்னிச்சுக்கோ தாயி" என்றேன். அந்தக் குடத்துக்கா, இந்த ஊற்றுக்கா, எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "காலையில உன் குடத்த... நான் பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."

"உங்களுக்கா ஊத்துனேன்? கம்மாய்க்கு ஊத்துனேன்." அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "தெளியட்டும், ஒக்காருங்க. சும்மாதான இருக்கீக, பிள்ளையளுக்குச் சொன்னீகளே, அந்தச் சீமைக் கதைய எங்களுக்கும் சொல்லுங்க. செல்லி வீட்டுல ராகம் போட்டுப் பாடுறா. பாதிதான் வெளங்குது."

மற்றப் பெண்களும் கிட்டே வந்து உட்கார்ந்தார்கள். சொன்னேன். சேதுவைக் காத்த ராஜாக்கள் கதையைச் சொன்னேன். அனுமார் கொடி பறந்த கோட்டையைச் சொன்னேன். "அனுமாரா? நம்ம கொடியிலயா?" என்று ஒருத்தி கும்பிட்டாள். புதுக் கொடியின் மூன்று நிறத்தைச் சொன்னேன். மேற்கே மலை, கிழக்கே கடல், ராமநாதசுவாமி கோயில். நரிக்குடி நெல்லும் நம் பக்கத்துக் கம்பும். பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, புத்தகத்து வரிகளே மனப்பாடமாக ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பூகோளத்தில் அடுத்த வரி வாய்க்குள் வந்து நின்றது.

இந்த ஜில்லாவில் சொல்லும்படியான ஆறு எதுவும் இல்லை.

குண்டாற்றுக்குள் உட்கார்ந்திருந்தேன். கீழே மணல் ஈரமாக இருந்தது. வேட்டியில் ஈரம் ஏறியிருந்தது. எதிரே, தொலைவில், திருச்சுழிப் பக்கத்து வானம். இந்தப் பெண்கள் இதற்குள் தோண்டித்தான் என்னையும் என் மனைவியையும் அந்த இன்ஸ்பெக்டரையும் குடிக்க வைத்தார்கள். அந்த வரியைத்தான் நான் வருஷா வருஷம் அவர்கள் பிள்ளைகளை எழுந்து நின்று சத்தமாகச் சொல்ல வைத்திருக்கிறேன். சரியாகச் சொன்னவர்களுக்கு 'சபாஷ்' போட்டிருக்கிறேன். செல்லிக்கும் போட்டிருக்கிறேன்.

"அப்பறம் என்ன வாத்தியாரே? மலையும் கடலும் சொன்னீக. ஆறு?" என்றாள் மாரியம்மாள்.

"ஆறு... குண்டாறு" என்றேன். அதற்கு மேல் புத்தகத்தில் எனக்கு ஒன்றும் இல்லை.

அவள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். "தெளிஞ்சிருச்சு" என்றாள். இறங்கி, கலக்காமல், சிரட்டையின் விளிம்பை மட்டும் தண்ணீரில் வைத்து மொண்டாள். அவள் குடம் நிறைந்த பிறகு என் குடத்தை வாங்கி அதிலும் ஊற்றத் தொடங்கினாள். வேண்டாம் என்றேன். "சவுடம்மா உங்க அதிகாரிக்குக் குடுத்துட்டு நிக்கிறாளாமே, இவுக சொன்னாக. பேசாம இருங்க" என்றாள்.

அந்த வருஷம் மழை வந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. அது பூமிநாதர் கணக்கு, என் கணக்கு அல்ல. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்னும் பல ஊர்களில் வாத்தியார் வேலை பார்த்தேன். எந்த ஊருக்குப் போனாலும் முதல் வாரம், அந்த ஊர் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அங்கே போய் ஒரு குடம் சுமந்து வந்த பிறகுதான் 'நம் சீமை' பாடத்தை ஆரம்பித்தேன். அந்த வரி வருகிற இடத்தில் பிள்ளைகளைப் புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவேன். புதிதாக வேலைக்குப் போகிற உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். எந்தச் சீமையையும் அறிமுகப்படுத்துமுன், அந்தச் சீமை நமக்குக் குடிக்கக் கொடுத்ததை நம் தலையில் ஒரு தடவையாவது வைத்து நடந்து பாருங்கள்.

அந்த விசிட்டுக்குப் பிறகு அருப்புக்கோட்டையில் வந்த முதல் கல்யாண வீட்டில், "மாப்ளே, எந்த ஊர்ல வேலை?" என்று கேட்டார்கள்.

"உப்போடை" என்றேன்.

"அங்கே ஆறு, கொளம் ஏதாவது இருக்கா?"

"இருக்கு" என்றேன்.